கருந்துளை இருக்கிறதா, கணக்கில் மட்டும் வருகிறதா?

மாணவர்களே, 2020ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு மூன்று பேருக்குக் கிடைத்தது. பரிசின் ஒரு பாதி இங்கிலாந்தின் ரோஜர் பென்ரோஸுக்கு. மறுபாதியை ஜெர்மனியின் ரைன்ஹார்ட் கென்ஸலும் அமெரிக்காவின் ஆண்ட்ரியா கெஸ்ஸும் பகிர்ந்துகொண்டார்கள். கருந்துளை ஆய்வுக்குக் கிடைத்த பரிசு என்றுதான் நாம் எல்லோரும் அதை நினைவில் வைத்திருக்கிறோம்.

ஆனால் பரிசுக் குழு சொன்ன காரணத்தைச் சற்று நிதானமாகப் படித்துப் பாருங்கள். பொதுச் சார்பியல் கோட்பாட்டின்படி கருந்துளை உருவாவது உறுதி என்று காட்டியதற்காகப் பென்ரோஸுக்குப் பரிசு. அதில் 'கருந்துளை' என்ற சொல் இருக்கிறது. மற்ற இருவருக்கான காரணத்தில் அந்தச் சொல்லே இல்லை! நம் பால்வீதியின் மையத்தில் மிகப் பெரும் பொருண்மை கொண்ட, அடர்ந்து சுருங்கிய 'ஒரு பொருளை'க் கண்டுபிடித்ததற்காக என்று மட்டும் எழுதியிருந்தார்கள். தாளில் கணக்குப் போட்டவருக்குக் 'கருந்துளை'. முப்பது ஆண்டுகளாக வானத்தைப் பார்த்தவர்களுக்கு வெறும் 'பொருள்'.

இது கைதவறி எழுதியது அன்று. வகுப்பில் நீங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கிறது. "கருந்துளையை யாரும் போய்ப் பார்த்ததில்லை. அதிலிருந்து ஒளிகூட வராது என்கிறார்கள். அப்படியானால் அது நிஜமான பொருளா, அல்லது விஞ்ஞானிகளின் கணக்கில் மட்டும் வரும் ஒன்றா?"

இந்தச் சந்தேகத்துக்காக நீங்கள் வெட்கப்பட வேண்டாம். ஐன்ஸ்டைனுக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. அது எப்படிப் படிப்படியாகத் தீர்ந்தது, அதில் எந்தப் பகுதி இன்னும் தீரவில்லை என்பதைப் பார்ப்போம்.

விடுபடு வேகத்திலிருந்து தொடங்குவோம்

நான்காம் படிவ இயற்பியலில் ஈர்ப்பு விசை என்ற பாடம் வருகிறது. பூமியின் ஈர்ப்பிலிருந்து முழுமையாகத் தப்பிக்க ஒரு ராக்கெட் வினாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டும். இதுதான் விடுபடு வேகம். சூரியனின் மேற்பரப்பில் அது வினாடிக்குச் சுமார் 618 கிலோமீட்டர். பொருண்மை கூடினாலும், அதே பொருண்மை சிறிய இடத்துக்குள் சுருங்கினாலும் விடுபடு வேகம் உயரும்.

ஒளியின் வேகம் வினாடிக்குச் சுமார் 300,000 கிலோமீட்டர். விடுபடு வேகம் இதையும் தாண்டிவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை 1783ஆம் ஆண்டிலேயே ஒருவர் கேட்டுவிட்டார். அவர் ஜான் மிச்சல், இங்கிலாந்தில் ஒரு பாதிரியார். சூரியனைப் போன்ற அடர்த்தியும் அதைவிட 500 மடங்கு விட்டமும் கொண்ட ஒரு விண்மீன் இருந்தால், அதன் ஒளி நம்மை வந்தடையாது என்று அவர் கணக்கிட்டார். பிரான்சின் லப்லாஸும் இதே கருத்தை 1796இல் தம் நூலில் எழுதினார். பிறகு வந்த பதிப்புகளில் அதை நீக்கிவிட்டார்.

மிச்சல் இன்னொன்றும் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத அந்த விண்மீனை, கண்ணுக்குத் தெரியும் வேறொரு விண்மீன் சுற்றிவந்தால், சுற்றும் விதத்தைக் கொண்டே மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கலாம் என்றார். இதை மறந்துவிடாதீர்கள். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு இந்த வழிதான் கைகொடுத்தது.

முதல் சந்தேகம்: சூத்திரம் உடைகிறதே!

1915இன் இறுதியில் ஐன்ஸ்டைன் பொதுச் சார்பியல் கோட்பாட்டை வெளியிட்டார். சில வாரங்களில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கார்ல் ஷ்வார்ஸ்சைல்ட் என்ற ஜெர்மானிய வானியலாளர். முதல் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்து ரஷ்யப் போர்முனையில் இருந்த அவர், உருண்டையான ஒரு பொருளைச் சுற்றி ஈர்ப்பு எப்படி இருக்கும் என்ற கணக்குக்கு அங்கிருந்தே விடை கண்டிருந்தார். அடுத்த ஆண்டு மே மாதம் நோயால் இறந்தும் போனார்.

அவருடைய விடையில் ஒரு குறிப்பிட்ட ஆரம் வருகிறது. சூரியனின் பொருண்மைக்கு அது ஏறக்குறைய 3 கிலோமீட்டர். பூமிக்கு 9 மில்லிமீட்டர். அதாவது முழுப் பூமியையும் ஒரு கோலிக்குண்டு அளவுக்கு நசுக்கினால் அந்த ஆரம் வரும். அந்த இடத்தில் சூத்திரத்தின் ஒரு பகுதி முடிவிலி ஆகிவிடுகிறது. இயற்கையில் முடிவிலி என்ற அளவை யாரும் அளந்ததில்லை. ஆகவே, "இது கணக்கின் வித்தை, நிஜத்தில் இப்படி எதுவும் இராது" என்று பலர் ஒதுக்கினார்கள்.

இந்தச் சந்தேகம் பாதி சரி. வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தைப் பாருங்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள மலேசியாவும் சிங்கப்பூரும் ஏறக்குறைய சரியான வடிவத்தில் தெரியும். வடக்கே போகப்போக நாடுகள் இழுபட்டுப் பெரிதாகும். மெர்கேட்டர் முறையில் வரைந்த படமானால், வட துருவத்தை அதில் குறிக்கவே முடியாது. முடிவிலித் தூரத்துக்குப் போய்விடும். ஆனால் வட துருவத்துக்கு மனிதர்கள் நடந்தே போய் வந்திருக்கிறார்கள். கோளாறு வரைபடத்தில்தான், பூமியில் இல்லை.

ஷ்வார்ஸ்சைல்டின் ஆரத்திலும் நடந்தது இதுதான். இடத்தையும் காலத்தையும் அளக்க வேறு முறையைக் கையாண்டால் அங்கே முடிவிலி மறைந்துவிடுகிறது. 1958இல் டேவிட் ஃபிங்கல்ஸ்டைன் இதைத் தெளிவாக விளக்கினார். அது ஒருவழி எல்லை. உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. இதைத்தான் இன்று நிகழ்வெல்லை என்கிறோம்.

இரண்டாவது சந்தேகம்: இயற்கை தடுத்துவிடும்!

சரி, எல்லை என்று ஒன்று இருக்கலாம். ஆனால் ஒரு விண்மீனை அவ்வளவு சிறிதாக யார் நசுக்குவது?

இங்கே நம்மவர் ஒருவர் வருகிறார். லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல், 19 வயதில், மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே அவர் ஒரு கணக்கைப் போட்டார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி 'வெண்குறுமீன்' ஆகும் என்பது அப்போதே தெரியும். ஆனால் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் பொருண்மை இருந்தால், வெண்குறுமீனால் தன் எடையைத் தாங்க முடியாது என்று சந்திரசேகர் கண்டார். அப்படியானால் அது சுருங்கிக்கொண்டே போக வேண்டும்.

1935 ஜனவரியில் லண்டனில், அரச வானியல் கழகக் கூட்டத்தில் இதை அவர் விளக்கினார். அடுத்துப் பேச எழுந்தவர் அக்காலத்தின் புகழ்பெற்ற வானியலாளர் ஆர்தர் எடிங்டன். அந்தக் கணக்கை ஏற்றால் விண்மீன் சில கிலோமீட்டராகச் சுருங்கி, ஒளியையும் சிறைப்படுத்திவிடும் என்பதை எடிங்டன் புரிந்துகொண்டிருந்தார். புரிந்ததால்தான் மறுத்தார். அப்படி அபத்தமாக ஒரு விண்மீன் நடந்துகொள்ளாதபடி இயற்கையில் ஏதாவது விதி இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். என்ன விதி என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆயினும் சபை அவர் பக்கம் நின்றது. சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1983இல்.

ஐன்ஸ்டைனும் 1939இல் இதே திசையில் ஒரு கட்டுரை எழுதினார். துகள்கள் கூட்டமாக ஒரு மையத்தைச் சுற்றுவதாக வைத்துக்கொண்டார். கூட்டம் சுருங்கச் சுருங்கத் துகள்கள் வேகமாகச் சுற்ற வேண்டும். ஷ்வார்ஸ்சைல்ட் ஆரத்தை நெருங்கும் முன்பே அவை ஒளியின் வேகத்தை எட்டிவிடும். அது நடக்காது, எனவே இத்தகைய பொருள் இயற்கையில் இராது என்று முடித்தார்.

அவர் கணக்கில் பிழை இல்லை. ஆனால் துகள்கள் விழாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார். விழுந்தால்? அதே 1939இல் ராபர்ட் ஓப்பன்ஹைமரும் ஹார்ட்லாண்ட் ஸ்னைடரும் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாத விண்மீன் தன் எல்லைக்குள் விழுந்து வெளியுலகத் தொடர்பை இழக்கும் என்று காட்டினார்கள். கட்டுரை வெளிவந்த நாள் செப்டம்பர் 1. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய அதே நாள்! அதைக் கவனிக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

இதிலும் ஓர் ஓட்டை இருந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட விண்மீன் துல்லியமான உருண்டை. உண்மையான விண்மீன் அப்படி இருக்குமா? மேடுபள்ளம் இருந்தால் விழும் பொருள்கள் ஒன்றையொன்று தவறவிட்டு, மீண்டும் வெளியே சிதறலாம் அல்லவா? 1965இல் பென்ரோஸ் இதற்கு விடை தந்தார். ஈர்ப்பு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிவிட்டால் வடிவம் எப்படி இருந்தாலும் தப்பிக்க வழியில்லை என்று நிரூபித்தார். நோபல் குழு குறிப்பிட்டது இந்த வேலையைத்தான்.

கவனியுங்கள், இதுவரை நாம் பார்த்தது எல்லாம் தாளில் நடந்தது. ஐன்ஸ்டைனின் கோட்பாடு சரியாக இருந்தால் கருந்துளை உருவாகலாம் என்பது மட்டும்தான் முடிவு. வானத்தில் ஒன்று இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

மிச்சலின் வழியில் ஓர் எடைபோடுதல்

1964இல் விண்ணுக்கு அனுப்பிய ஒரு ராக்கெட், அன்னம் என்ற விண்மீன் குழுவின் திசையிலிருந்து வலுவான எக்ஸ்ரே கதிர்கள் வருவதைக் கண்டது. அந்த இடத்துக்கு சிக்னஸ் எக்ஸ்-1 என்று பெயர். 1971-72இல் அங்கே ஒரு நீல விண்மீனைப் பார்த்தார்கள். அது 5.6 நாளுக்கு ஒரு முறை எதையோ சுற்றுகிறது. எதை என்று தெரியவில்லை. அந்த 'ஏதோ' ஒன்று சூரியனைவிடப் பல மடங்கு கனம். எக்ஸ்ரே ஒளி வினாடியின் மிகச் சிறிய பகுதிக்குள் மினுங்கியதால், அது மிகச் சிறியது என்றும் தெரிந்தது.

இது கருந்துளையா? 1974இல் ஸ்டீவன் ஹாக்கிங்கும் கிப் தோர்னும் ஒரு பந்தயம் கட்டினார்கள். "கருந்துளை இல்லை" என்ற பக்கம் நின்றவர், வாழ்நாள் முழுக்கக் கருந்துளையையே ஆராய்ந்த ஹாக்கிங்! தம் உழைப்பு வீணாகப் போனாலும் பந்தயத்திலாவது வெல்லலாமே என்று வேடிக்கையாகச் சொன்னார். சான்றுகள் குவிந்த பிறகு, 1990இல் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இப்போது நீங்களே ஓர் எடை போடுங்கள். பால்வீதியின் மையத்தில், நம்மிடமிருந்து சுமார் 27,000 ஒளியாண்டு தூரத்தில், எஸ்2 என்ற விண்மீன் இருக்கிறது. கென்ஸலின் குழு சிலியிலிருந்தும், கெஸ்ஸின் குழு ஹவாயிலிருந்தும் 1990களிலிருந்து அதைத் தொடர்ந்து கவனித்தன. அது 16 ஆண்டுக்கு ஒரு முறை நீள்வட்டத்தில் சுற்றுகிறது. அந்தப் பாதையின் நீண்ட அச்சில் பாதி, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் சுமார் 1,030 மடங்கு.

கெப்ளரின் மூன்றாம் விதி நினைவிருக்கிறதா? தூரத்தைப் பூமி–சூரியன் தூரத்திலும், காலத்தை ஆண்டிலும் எடுத்துக்கொண்டால் கணக்கு எளிது. தூரத்தை மூன்று முறை பெருக்கி, காலத்தின் வர்க்கத்தால் வகுத்தால், மையத்தில் உள்ள பொருண்மை எத்தனை சூரியனுக்குச் சமம் என்று வந்துவிடும். 1,030 × 1,030 × 1,030 ÷ (16 × 16). கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள். 4.27 மில்லியன் வரும். துல்லியமான அளவீடுகளின்படி 4.3 மில்லியன் சூரியன்கள். ஆனால் அந்த இடத்தில் ஒரு விண்மீனும் தெரிவதில்லை.

இவ்வளவு செய்த பிறகும் நோபல் குழு 'பொருள்' என்று மட்டும் எழுதியது ஏன்? எஸ்2 மையத்தை மிக அருகில் கடக்கும்போது அதன் தூரம், பூமி–சூரியன் தூரத்தைப்போல் சுமார் 120 மடங்கு; அதாவது 18 பில்லியன் கிலோமீட்டர். அப்போது அது வினாடிக்கு 7,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்கிறது. அந்த 18 பில்லியன் கிலோமீட்டருக்குள் 4.3 மில்லியன் சூரியன்கள் அடங்கியிருக்கின்றன என்பதை எஸ்2 காட்டிவிட்டது. ஆனால் கருந்துளை என்றால் அத்தனையும் 13 மில்லியன் கிலோமீட்டர் ஆரத்துக்குள் இருக்க வேண்டும் (ஒரு சூரியனுக்கு 3 கிலோமீட்டர் வீதம்). இடையில் ஆயிரம் மடங்குக்கும் மேல் இடைவெளி. அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது என்று எஸ்2 சொல்லவில்லை. அளந்ததற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லக்கூடாது என்பதுதான் அந்தக் கவனம்.

முதலில் கணிப்பு, பிறகு படம்

இடைவெளியை நிரப்ப இன்னொரு குழு முயன்றது. கருந்துளையைச் சுற்றிச் சூடான வாயு ஒளிர்ந்தால், நடுவில் இருண்ட நிழலும் சுற்றி ஒளிவளையமும் தெரிய வேண்டும். அருகில் செல்லும் ஒளியைக் கருந்துளை வளைப்பதால், நிழல் சற்றுப் பெரிதாகத் தெரியும். நிகழ்வெல்லையின் ஆரத்தை ஏறக்குறைய 5.2ஆல் பெருக்கினால் நிழலின் விட்டம் கிடைக்கும். 13 மில்லியனை 5.2ஆல் பெருக்குங்கள். சுமார் 67 மில்லியன் கிலோமீட்டர்.

27,000 ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து பார்த்தால் இது எவ்வளவு பெரிதாகத் தெரியும்? ஒரு பாகையில் 3,600 விகலைகள். ஒரு விகலையை ஒரு மில்லியன் பங்காக்குங்கள். அதில் ஏறத்தாழ 50 பங்கு. நிலாவில் ஒரு மெதுவடையை வைத்துவிட்டு, அதைப் பூமியிலிருந்து பார்ப்பதற்குச் சமம்!

உலகின் பல மூலைகளில் உள்ள வானொலித் தொலைநோக்கிகளை ஒன்றாக இயக்கி, பூமி அளவுள்ள ஒரே தொலைநோக்கியைப்போல் பயன்படுத்தினார்கள். இதற்கு நிகழ்வெல்லைத் தொலைநோக்கி என்று பெயர். 2022 மே 12இல் பால்வீதி மையத்தின் படம் வெளியானது. அளந்த வளையத்தின் விட்டம் ஏறக்குறைய 52 பங்கு.

இந்த இரண்டு எண்களும் எப்படிக் கிடைத்தன என்று பாருங்கள். ஒன்று, ஒரு விண்மீனின் 16 ஆண்டுப் பயணத்திலிருந்து வந்த எடையைக் கொண்டு கணித்தது. மற்றொன்று, வேறு குழு, வேறு கருவி, வேறு வகை அலை கொண்டு அளந்தது. இடையில் விருப்பம்போல் மாற்றிக்கொள்ள எந்த எண்ணும் இல்லை. வளையம் 100 என்று வந்திருந்தாலோ 20 என்று வந்திருந்தாலோ கோட்பாடு தோற்றிருக்கும்.

"அது புகைப்படம் இல்லை, கணினி வரைந்த படம்" என்று இணையக் காணொளிகளில் சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கணினி உருவாக்கியது உண்மைதான். அதனால்தான் 2019 ஏப்ரலில் வெளியான முதல் படத்துக்கு (எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் மையம்) நான்கு குழுக்களைத் தனித்தனியே வேலை செய்யவிட்டார்கள். ஒரு குழு செய்வது மற்றொன்றுக்குத் தெரியாது. நான்கு பேருக்கும் வளையமே வந்தது. அடுத்த ஆண்டுத் தரவிலும் வளையத்தின் அளவு மாறவில்லை. வளையத்தில் மிகப் பிரகாசமான பகுதி மட்டும் இடம் நகர்ந்திருந்தது.

ஒளியே இல்லாமல் ஒரு சான்று

மூன்றாவது சான்றுக்கு ஒளியே தேவைப்படவில்லை. 2015 செப்டம்பர் 14இல், அமெரிக்காவின் லைகோ ஆய்வுக்கூடங்கள் ஈர்ப்பு அலையை முதன்முறையாகப் பதிவுசெய்தன. சூரியனைப்போல் சுமார் 36 மடங்கும் 29 மடங்கும் கனமான இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சுற்றி மோதி இணைந்தன. இணைந்த பிறகு 62. குறைந்த 3 சூரியப் பொருண்மை ஈர்ப்பு அலையாக வெளியேறியது.

இறுதித் தருணத்தில் அவை வினாடிக்கு 75 முறை சுற்றின. அப்போது அவற்றின் மையங்களுக்கு இடையே இருந்த தூரம் சுமார் 350 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வரையிலான சாலைத் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சூரியனின் விட்டமே 1.4 மில்லியன் கிலோமீட்டர். இங்கே 65 சூரியன்கள் இந்தத் தூரத்துக்குள் சுழன்றிருக்கின்றன. நமக்குத் தெரிந்த வேறு எந்தப் பொருளும் அதற்குள் அடங்காது. அன்று பந்தயத்தில் வென்ற கிப் தோர்ன், இந்தக் கண்டுபிடிப்புக்காக 2017இல் நோபல் பரிசும் பெற்றார்.

1971இல் ஹாக்கிங் தாளில் ஒரு விதியைக் கண்டிருந்தார். கருந்துளைகள் இணைந்தால் நிகழ்வெல்லையின் மொத்தப் பரப்பளவு குறையவே குறையாது என்பது அந்த விதி. 2025 ஜனவரி 14இல் வந்த மிகத் தெளிவான ஓர் ஈர்ப்பு அலை அதைச் சோதிக்க உதவியது. மோதுவதற்கு முன் இரண்டின் பரப்பளவும் சேர்ந்து ஏறக்குறைய 240,000 சதுர கிலோமீட்டர். மோதிய பின் 400,000. ஒப்பிட்டுப் பாருங்கள்: மலேசியாவின் பரப்பளவு சுமார் 330,000. வெறும் கணக்கு என்று சொல்லப்பட்ட ஓர் எல்லைக்குச் சதுர கிலோமீட்டரில் அளவு கிடைத்துவிட்டது.

ஒரு கேள்வியை மூன்றாகப் பிரியுங்கள்

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். கருந்துளை நிஜமா, கணக்கா? 'கருந்துளை' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே பதில் இல்லை.

முதலாவது: மிகக் கனமான, மிகச் சிறிய, இருண்ட பொருள். இது இருக்கிறது. அதன் எடையும் அளவும் வெவ்வேறு வழிகளில் அளக்கப்பட்டு ஒத்துப்போகின்றன. இதைக் கற்பனை என்று சொல்வது, எஸ்2 விண்மீன் காரணமே இல்லாமல் வளைந்து பாய்கிறது என்று சொல்வதற்குச் சமம்.

இரண்டாவது: நிகழ்வெல்லை. இது சுவரோ தோலோ இல்லை. அருவிக்கு மேலே ஓடும் ஆற்றை நினைத்துக்கொள்ளுங்கள். அருவியை நெருங்க நெருங்க நீரின் வேகம் கூடும். ஓரிடத்தில் அது மீனின் நீந்தும் வேகத்தை மிஞ்சிவிடும். அந்த இடத்தில் கோடு எதுவும் இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது. ஆனால் அதைத் தாண்டிய மீன் திரும்பி வராது. அதை நேரடியாகக் காண முடியாது என்பதால் சான்றுகள் மறைமுகமானவை. உதாரணமாக, நியூட்ரான் விண்மீனுக்கு மேற்பரப்பு உண்டு. அதன்மேல் வாயு விழுந்து சேர்ந்தால் அவ்வப்போது வெடித்து எக்ஸ்ரே கதிர் பளிச்சிடும். கருந்துளை என்று கருதப்படும் பொருள்களில் இந்த வெடிப்பு காணப்பட்டதில்லை. விழுந்தது சேர்வதற்கு அங்கே தரையே இல்லை என்பதற்கு இது அடையாளம். ஆயினும், நிகழ்வெல்லை இல்லாமலேயே கருந்துளையைப்போல் நடந்துகொள்ளும் வேறு பொருள்கள் இருக்கலாமா என்று இன்றும் சிலர் ஆராய்கிறார்கள். அது நியாயமான ஆய்வுதான்.

மூன்றாவது: நடுவில் இருப்பதாகச் சொல்லப்படும் ஒருமைப்புள்ளி. பூஜ்ஜிய அளவு, முடிவிலி அடர்த்தி. இங்கே உங்கள் சந்தேகத்துக்கு முழு மதிப்பெண். கால்குலேட்டரில் ஓர் எண்ணைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் 'எரர்' என்று காட்டும். அதை விடை என்று தேர்வுத்தாளில் எழுதுவீர்களா? இந்தக் கருவி இதற்குமேல் பயன்படாது என்பது மட்டும்தான் அதன் பொருள். ஒருமைப்புள்ளியும் அப்படித்தான். ஐன்ஸ்டைனின் சமன்பாடு அங்கே நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போக, ஈர்ப்பையும் குவாண்டம் இயற்பியலையும் இணைக்கும் கோட்பாடு வேண்டும். அது இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை. சுழலும் கருந்துளைக்கான சூத்திரத்தை 1963இல் கண்டுபிடித்த நியூசிலாந்தின் ராய் கெர், 2023இல் கூட, கருந்துளைக்குள் ஒருமைப்புள்ளி இருந்தே ஆக வேண்டும் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று கட்டுரை எழுதினார்.

எப்படிச் சந்தேகப்படுவது?

இந்த நூறாண்டுக் கதையில் சந்தேகப்பட்டவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. ஐன்ஸ்டைனின் சந்தேகத்தில் ஒரு கணக்கு இருந்தது. அதனால்தான் ஓப்பன்ஹைமரால் அதில் எந்த இடம் விடுபட்டது என்று காட்ட முடிந்தது. எடிங்டனின் சந்தேகத்தில் கணக்கு இல்லை; "அபத்தமாக இருக்கிறது" என்ற உணர்வு மட்டும் இருந்தது. அதைச் சோதிக்க வழியில்லை. அது ஓர் இளைஞரின் நல்ல வேலைக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டது.

ஆகவே, அடுத்த முறை "கருந்துளை பொய்" என்றோ "எல்லாம் நிரூபிக்கப்பட்டுவிட்டது" என்றோ யாராவது சொன்னால், இரண்டு கேள்விகள் கேளுங்கள். மூன்றில் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்? எந்த அளவீடு வந்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்? இரண்டாவது கேள்விக்குப் பதில் வைத்திருப்பவருடன் தாராளமாக விவாதிக்கலாம்.

கடைசியாக ஒரு கணக்கு. எம்87 மையத்தில் உள்ள கருந்துளையின் பொருண்மை 6.5 பில்லியன் சூரியன்கள். ஒரு சூரியனுக்கு 3 கிலோமீட்டர் என்ற வீதத்தில் அதன் நிகழ்வெல்லையின் ஆரத்தைக் கண்டுபிடியுங்கள். சூரியனிலிருந்து புளூட்டோவின் சராசரித் தூரம் சுமார் 5.9 பில்லியன் கிலோமீட்டர். உங்கள் விடை அதைப்போல் எத்தனை மடங்கு என்று பாருங்கள்.